நாலாவது நிறத்தில் ஒரு மோதிரம்

கோயம்புத்தூர்
1 ஆகஸ்ட் 2025

அன்புள்ள எஸ்தர்,

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். அம்மா போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன், அதையும் செய்துவிட்டாய். மாமியார் ஆகப் போகிறவர் நம்பரையே பிளாக் செய்த முதல் மருமகள் காஞ்சிபுரம் ஜில்லாவில் நீயாகத்தான் இருப்பாய். கடைசியாகப் பேப்பர் எடுத்து எழுதுகிறேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் செய்த குற்றம் ஒரு போட்டோ அனுப்பியது. நம் கல்யாண மோதிரம் மஞ்சள் தங்கமா, வெள்ளைத் தங்கமா, ரோஸ் தங்கமா என்று நீ பார்த்துச் சொல்ல வேண்டுமே என்று மூன்றையும் ஒரு கையில் போட்டு எடுத்து அனுப்பினேன். நீ மோதிரத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாய். 'இது யார் கை?' என்று கேட்டாய். 'எங்கள் கவுன்டர் திரிஷா' என்று சொன்னேன். அதோடு சரி.

நகைக்கடையில் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். தங்கத்தின் நிறத்தை வெல்வெட் தட்டில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தோல் மேல் போட்டால்தான் தெரியும். திரிஷா கை உன் கை நிறம்தான், அச்சு அசல். அதனால்தான் அவளைக் கேட்டேன். வேறு ஒன்றும் இல்லை.

மஞ்சள், இருபத்திரண்டு காரட். நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது, எந்தக் கடையிலும் மறுபேச்சில்லாமல் வாங்குவார்கள். ஆனால் மென்மையானது, தினமும் போட்டால் கீறல் விழும். வெள்ளை பதினெட்டுக் காரட், மேலே ரோடியம் பூச்சு. இரண்டு மூன்று வருஷத்தில் பூச்சு தேய்ந்து உள்ளே இருக்கும் மஞ்சள் எட்டிப் பார்க்கும், மறுபடி முக்கி எடுக்க வேண்டும். தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். ரோஸும் பதினெட்டுத்தான், செம்பு கூடுதலாகச் சேர்ந்தது. பூச்சு கிடையாது, வெளுக்காது, உரமாக இருக்கும். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் ரோஸ்போல எதுவும் எடுக்காது. என் ஓட்டு ரோஸுக்கு.

சத்யராஜ்


காஞ்சிபுரம்
4 ஆகஸ்ட் 2025

சத்யராஜ் அவர்களுக்கு,

'கர்த்தருக்குள் அன்பான' என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். அன்பு வரவில்லை. கர்த்தரை மட்டும் சாட்சியாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

போனில் பேசினால் நீங்கள் பேசிப் பேசியே கவிழ்த்துவிடுவீர்கள். விற்பது உங்கள் தொழில். எழுதினால் நான் திரும்பத் திரும்பப் படிக்கலாம். உங்கள் கடிதத்தையும் அப்படித்தான் படித்தேன். படிக்கப் படிக்கச் சோறு இறங்கவில்லை.

'அச்சு அசல் உன் கை நிறம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது எப்படித் தெரிந்தது? என் கையை நீங்கள் பார்த்தது இரண்டே தடவை. பெண் பார்க்க வந்த அன்று காபித் தம்ளரோடு ஒரு தடவை, நிச்சயத்தன்று வளையல் கையோடு ஒரு தடவை. அவள் கையைத் தினமும் பார்க்கிறீர்கள். அப்படியானால் அவள் கை என் கைபோல இல்லை, என் கைதான் அவள் கைபோல. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். எனக்கு அது கூட வேண்டாம், உங்கள் போட்டோ போதும். ரோஸ் மோதிரத்தை எந்த விரலில் போட்டீர்கள் என்று பார்த்தேன். மஞ்சள் ஆள்காட்டி விரலில், வெள்ளை நடுவிரலில், ரோஸ் மட்டும் மோதிர விரலில். உங்கள் ஓட்டு ரோஸுக்கு. அவள் கைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. அதனால்தான் எனக்கு வேண்டாம்.

செம்பு கலந்தது என்று நீங்களே எழுதுகிறீர்கள். நான் பட்டுச் சேலைக் கடையில் நிற்கிறவள். ஜரிகையில் செம்பு தலைகாட்டினால் அதை அசல் என்று நாங்கள் விற்பதில்லை. தங்கத்தில் செம்பு தெரிந்தால் மட்டும் அது ஃபேஷனா?

மஞ்சள் எடுக்கலாம் என்று பார்த்தால் அதுவும் அவள் விரலில் ஏறி இறங்கிவிட்டது. வெள்ளையும் அப்படியே. மூன்று நிறத்திலும் அவள்தான் முதலில் மணப்பெண் ஆகியிருக்கிறாள். நாலாவது நிறம் இருந்தால் எழுதுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் சபையில் முதல் ஓலை வாசிக்கிறார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை இருந்தால் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு கேட்பார்கள். மணப்பெண் தடை சொல்லக்கூடாது என்று எங்கும் எழுதியிருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

எஸ்தர்


கோயம்புத்தூர்
7 ஆகஸ்ட் 2025

எஸ்தர்,

படித்துவிட்டு முதலில் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. இரண்டையும் தாண்டி இப்போது பயம் வந்திருக்கிறது. நீ சொன்னதைச் செய்கிறவள் என்று அம்மா எச்சரித்திருக்கிறார்கள்.

பொறாமை உனக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்காதே. உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நிச்சயம் முடிந்த மறுவாரம் தாமலுக்கு, அம்மாவைப் பார்க்க வந்திருந்தேன். கோயம்புத்தூருக்குத் திரும்பும் முன் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் இறங்கி உன் கடைக்கு வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. கடைக்குள் பெரிய கூட்டம். சென்னையிலிருந்து ஒரு மாப்பிள்ளை, அவன் அம்மா, அக்கா, பத்துப் பேர். நீ ஒவ்வொரு சேலையாகப் பிரித்து உன் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாய். மயில் கழுத்து, அரக்கு, மாம்பழ மஞ்சள். அவன் சேலையைப் பார்க்கவில்லை எஸ்தர். 'இது சூப்பரா இருக்கு, இன்னொண்ணு போட்டுக் காட்டுங்க' என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நீயும் சிரித்துக்கொண்டே போட்டுக் காட்டினாய். நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் பஸ் ஏறினேன். வாலாஜா வரும் வரை எனக்கு வயிறு எரிந்தது. யாரோ ஒருத்தி கட்டப்போகும் சேலைக்கு உன் தோள் எதற்கு?

அது உன் வேலை என்று தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. திரிஷா கையும் அதே மாதிரிதான். எங்கள் கடைக்கு வரும் பாதி மோதிரம் அவள் கையில் ஏறித்தான் வேறு யாரோ கைக்குப் போகிறது.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். பெண் பார்க்க வந்த அன்று எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தபோது நீ சொன்னது ஒரே வாக்கியம்: 'அம்மாவுக்குச் சரின்னா எனக்கும் சரி.' இந்தச் சண்டை வந்த பிறகுதான் நீ என்னோடு இவ்வளவு பேசியிருக்கிறாய். கோபமாகவாவது பேசுகிறாளே என்று இருக்கிறது.

நாலாவது நிறம் இருக்கிறது. விளையாட்டுக்கு எழுதினாயோ என்னவோ, நான் விசாரித்துவிட்டேன். தங்கத்தில் வெள்ளி மட்டும் சேர்த்தால் இளம்பச்சை தட்டும். பச்சைத் தங்கம் என்கிறார்கள். எங்கள் கடையில் கிடையாது. ராஜ வீதிக்குப் பின்னால் ஒரு ஆசாரி பட்டறை இருக்கிறது, செய்து தருகிறேன் என்றார். இது யார் விரலிலும் ஏறியிராது, நான் பொறுப்பு. உன் விரல் அளவை மட்டும் அனுப்பு. இடது கை, மோதிர விரல்.

சத்யராஜ்


காஞ்சிபுரம்
10 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

அன்புள்ள சத்யராஜ்,

அன்புள்ள என்று எழுதியிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்துவிடாதீர்கள்.

கடைக்கு வந்தவர் ஒரு வாய்த் தண்ணீர் கேட்டிருந்தால் நான் கொடுத்திருக்க மாட்டேனா? திருடன்போலத் தூணுக்குப் பின்னால் நின்றதைப் படித்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்துக் கவுன்டர் கமலாட்சி அக்கா, 'இன்னாமா, மாப்ளை லெட்டரா? மூஞ்சு ஒரு தினுசா இருக்குதே' என்று கேட்டாள். அந்தச் சென்னைக்காரர்கள் எனக்கு ஞாபகம் இருக்கிறார்கள். கடைசியில் அரக்கு எடுத்தார்கள். மாப்பிள்ளை என்னைப் பார்த்தானா என்று எனக்குத் தெரியாது, நான் அவன் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பணம் அவள் கையில் இருந்தது.

ஒன்று சொல்லட்டுமா? தோளில் சேலை போடுகிற வேலையில் எனக்குப் பிடிக்காத நிமிஷம் ஒன்று உண்டு. நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் தலையாட்டியதும், மணப்பெண்ணின் சித்தி யாராவது, 'இவங்க கறுப்பு, இவங்களுக்கே இப்படி எடுக்குதுன்னா நம்ம பொண்ணுக்குக் கேக்கணுமா?' என்பாள். நான் சிரித்துக்கொண்டே சேலையை மடிப்பேன். அதனால்தான் நீங்கள் நிறத்தைப் பற்றி எழுதியபோது எனக்குச் சுருக்கென்றது. நீங்கள் சித்தி மாதிரி எழுதவில்லை, அது தெரிகிறது. இருந்தாலும் அந்தக் கையை நீங்கள் எத்தனை நேரம் பிடித்துப் பிடித்துப் போட்டோ எடுத்தீர்கள் என்ற நினைப்பு மட்டும் போகமாட்டேன் என்கிறது. போட்டோவில் நிழல் விழவில்லை. நிழல் விழாமல் எடுக்க எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும், எங்கள் கடைக்கும் இன்ஸ்டாகிராம் இருக்கிறது.

இன்று முதல் ஓலை வாசித்தார்கள். 'தாமல் சத்யராஜ், காஞ்சிபுரம் முனுசாமி மகள் எஸ்தர்' என்று போதகர் வாசித்தபோது அப்பா கழுத்தைத் திருப்பாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து நிற்கவில்லை. இன்னும் இரண்டு இருக்கிறது.

அளவு இதோடு வைத்திருக்கிறேன். கடையில் குஞ்சம் கட்ட வைத்திருக்கும் பட்டு நூலில் ஒன்றை விரலைச் சுற்றி, சரியாகச் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டிருக்கிறேன். முடிச்சுக்கு முடிச்சு அளவு. திரிஷா இந்த நூலைத் தொடக்கூடாது. மோதிரத்தையும் தொடக்கூடாது. 'எப்படி இருக்கு, காட்டுங்க' என்று கேட்டால் காட்டக்கூடாது.

எஸ்தர்


கோயம்புத்தூர்
20 ஆகஸ்ட் 2025

அன்புள்ள எஸ்தர்,

மோதிரம் வந்துவிட்டது. கூரியரில் இன்றே அனுப்புகிறேன். ஆசாரி பட்டறையிலிருந்து நேரே என் சட்டைப் பை, அங்கிருந்து இந்தப் பெட்டி. என் சுண்டு விரலில்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. திரிஷா கேட்டாள், கேட்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். 'சார், அந்தப் பச்சைத் தங்கம் எப்படித்தான் இருக்கும், காட்டுங்களேன்' என்றாள். 'சாரிம்மா, வீட்டு ஆர்டர்' என்று சொல்லிவிட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

பச்சை என்றதும் கிளிப்பச்சையை எதிர்பார்க்காதே. பழுக்க ஆரம்பித்த எலுமிச்சம்பழம் இருக்கிறதே, அந்த நிறம். விளக்கு வெளிச்சத்தில் சாதாரணமாகத் தெரியும். பகலில் வாசலுக்கு எடுத்துவந்து பார், அப்போதுதான் தெரியும்.

இரண்டாவது ஓலையும் முடிந்தது என்று அம்மா சொன்னார்கள். நீ அன்றும் எழுந்து நிற்கவில்லையாம். அம்மாவுக்கு ஏன் இதெல்லாம் கேட்கிறேன் என்று சந்தேகம் வந்துவிட்டது.

போட்டுப் பார்த்து எழுது. பிளாக்கை எடுத்துவிட்டு ஒரு போட்டோ அனுப்பினால் இன்னும் நல்லது. உன் கை. நிழல் விழுந்தாலும் பரவாயில்லை.

சத்யராஜ்


காஞ்சிபுரம்
23 ஆகஸ்ட் 2025, சனி

சத்யராஜ் அவர்களுக்கு,

பெட்டி மத்தியானம் வந்தது. கடையில் பர்மிஷன் கேட்டுவிட்டு, முகம் கழுவி, வாசலுக்குப் போய், நீங்கள் சொன்னபடி பகல் வெளிச்சத்தில் போட்டுப் பார்த்தேன்.

கழன்று விழுந்தது.

தெருவில் உருண்ட மோதிரத்தைத் துரத்திக்கொண்டு போய்ச் சாக்கடை ஓரத்தில் பிடித்தேன். மறுபடி போட்டேன். விரலுக்கும் மோதிரத்துக்கும் நடுவே இன்னொரு விரல் போகும். கையைத் தொங்கவிட்டால் இறங்கிவிடுகிறது. மோதிர விரலில் நிற்கவில்லை, நடுவிரலிலும் நிற்கவில்லை, கட்டை விரலில் கச்சிதமாக இருக்கிறது. கட்டை விரலில் போட்டுக்கொண்டா சபையில் நிற்பேன்?

நான் முடிச்சுப் போட்ட அளவு எனக்குத் தெரியும். அந்த அளவில் செய்த மோதிரம் இது இல்லை. இது யாருடைய அளவு? போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவள் விரல் என் விரலைவிடத் தடிமன். நிறம் ஒன்றாக இருந்தாலும் விரல் ஒன்றில்லை. நூலைத் தொலைத்துவிட்டீர்களா? தொலைத்துவிட்டு, நிறம்தான் ஒன்று, அளவும் ஒன்றாக இருக்கும் என்று கையருகே இருந்த கையை எடுத்துக்கொண்டீர்களா? காட்டவில்லை, தொடவிடவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு அவள் அளவில் செய்து அனுப்பியிருக்கிறீர்கள்.

நாளை மூன்றாவது ஓலை. உங்கள் அம்மாவும் தாமலிலிருந்து வருவதாக எங்கள் அம்மா சொன்னாள். வரட்டும். நான் எழுந்து நிற்கப்போகிறேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது அது முடிந்திருக்கும். உங்களுக்குச் சொல்லாமல் செய்தேன் என்று இருக்கக்கூடாது, அதற்காக எழுதினேன்.

எஸ்தர்


கோயம்புத்தூர்
25 ஆகஸ்ட் 2025

எஸ்தர்,

உன் கடிதம் இன்று காலையில் வந்தது. நேற்று ராத்திரி அம்மா போன் செய்தார்கள். 'ஓலை முடிஞ்சிது. ஒரு கூத்தும் நடந்துச்சு. நா இன்னாத்த சொல்றது, நீ அவளையே கேட்டுக்கோ' என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்களா அழுதார்களா என்று தெரியாமல் போனை வைத்துவிட்டார்கள். திருப்பிக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. நீ அங்கே நின்றாயா? என்ன சொன்னாய்? என்னைப் பற்றி இப்போது ஊரில் என்ன பேசுகிறார்கள்?

நூல் தொலையவில்லை. என் பர்ஸில் இருக்கிறது. ஆசாரி அதை என் கண் முன்னால் அளவுகோலில் வைத்து, நேராக இழுத்துப் பிடித்து, முடிச்சுக்கு முடிச்சு அளந்தார். நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். இதைத் தவிர எனக்கு வேறு அளவு தெரியாது, வேறு விரலும் தெரியாது. நம்பினால் நம்பு.

இதற்கு மேல் எனக்குக் கெஞ்சத் தெரியவில்லை. மோதிரத்தை விட்டுவிடு, நிறத்தை விட்டுவிடு, திரிஷாவையும் விட்டுவிடு. ஆரம்பத்திலிருந்து நான் தெரிந்துகொள்ள நினைப்பது ஒன்றுதான். உன் அம்மாவுக்குச் சரியென்பது எனக்குத் தெரியும். உனக்கு?

சத்யராஜ்


காஞ்சிபுரம்
27 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சத்யராஜ்,

நின்றேன்.

போதகர் மூன்றாவது ஓலையை வாசித்து, தடை உண்டானால் அறிவிக்கலாம் என்று சொல்லிவிட்டு, வழக்கம்போலக் கண்ணாடியைக் கழற்றத் துவங்கினார். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். நான் எழுந்தேன். கையில் கர்சீப், கர்சீப்பில் மோதிரம். எல்லாத் தலையும் திரும்பியது. அம்மா பக்கத்திலிருந்து என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"யாருக்கும்மா தடை?" என்றார் போதகர்.

"எனக்குத்தான் ஐயா."

"நீதானம்மா பொண்ணு?"

ஆண்கள் பக்கம் யாரோ இருமினார்கள். அப்பா குனிந்துகொண்டார். 'அவர் மனசுல வேற பொண்ணு இருக்குது' என்று சொல்லத்தான் சனிக்கிழமை ராவெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் அது வரவில்லை.

"மோதிரம் பெருசா இருக்குது ஐயா" என்றேன்.

போதகர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அம்மா எழுந்து நின்றாள். என் அம்மா மேரிக்குக் கோபம் வந்தால் ஆலயம், வீடு என்றெல்லாம் கிடையாது என்று உங்களுக்குப் போகப் போகத் தெரியும்.

"எதுலடி அளவு எடுத்து அனுப்புன?"

"பட்டு நூலுல."

"பட்டு நூலுலயா? இழுத்தா நீளும்னு தெரியாதாடி உனுக்கு? இத்தினி வருஷமா பட்டுக் கடையில இன்னாத்த பண்ணிக்கினு இருக்கிற?"

அவ்வளவுதான், சபை சிரித்துவிட்டது. இந்த ஊரில் நம் சபையில் தறிப்பக்கம் போகாதவர்கள் யார்? பாவு பிடித்தவர்கள், நூல் சுற்றியவர்கள், கடையில் நிற்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. எனக்கும் தெரியும். அன்றைக்கு மட்டும் தெரியவில்லை. கையெதிரே இருந்தது பட்டு நூல், அதை எடுத்துவிட்டேன். சிரிப்பில் போதகரும் சேர்ந்துகொண்டார். உங்கள் ஆசாரி ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் பிடித்து இழுத்திருக்கிறீர்கள் என்று இன்று உங்கள் கடிதத்தில் படித்தபோது எனக்கு மறுபடி சிரிப்பு வந்தது. கட்டை விரல் அளவு வந்ததே ஆச்சரியம்.

அதற்குள் உங்கள் அம்மா எழுந்துவந்து மோதிரத்தை வாங்கி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். "இது இன்னாமா கலரு? பித்தளையா? எம்மவன் ஏமாந்துட்டானா?" என்றார்கள். தங்கம்தான் அத்தை, வெள்ளி கலந்தது, நான்தான் கேட்டேன் என்றேன். "மஞ்சளு கீது, ரோசு கீது, ஊர்ல இல்லாத கலரை ஏன்மா கேட்ட?" என்றார்கள். கோயம்புத்தூரில் ஒருத்தியின் கையைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக் கேட்டேன் என்று அத்தனை பேர் நடுவே எப்படிச் சொல்வது? ஆனால் என் முகத்தைப் பார்த்து அவர்களுக்கு ஏதோ புரிந்துவிட்டது. மோதிரத்தைக் கர்சீப்பில் முடிந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள்.

சிரிப்பு அடங்கியது. போதகர் என்னை உட்காரச் சொல்லவில்லை. "எஸ்தர், மோதிரத்தைப் பெருசு சிறுசு பண்ணிக்கலாம். ஓலையை அப்படிப் பண்ண முடியாது. இந்தக் கல்யாணம் உனக்கு வேணுமா, வேணாமா?" என்று கேட்டார்.

அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. எல்லாரும் அம்மாவைக் கேட்டார்கள், அப்பாவைக் கேட்டார்கள். நீங்களும் இப்போதுதான் கேட்கிறீர்கள். வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். நீங்கள் அந்தக் கவுன்டரில் அவள் பக்கத்தில் நின்று வேறு யாருக்கோ மோதிரம் காட்டிக்கொண்டிருப்பீர்கள். நினைத்ததுமே எனக்கு வயிறு எரிந்தது. யாரோ ஒருவருக்காக வயிறு இப்படி எரியாது. அது எனக்கு அங்கே நின்றபோதுதான் புரிந்தது. போதகருக்குப் பதில் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் பாட்டு எண் அறிவித்தார்.

மோதிரத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். காகிதத் துண்டில் அளவு எடுத்திருக்கிறேன், அம்மா இரண்டு தடவை சரிபார்த்தாள். நிறம் அப்படியே இருக்கட்டும், பித்தளை என்று யார் சொன்னாலும் சொல்லிக்கொள்ளட்டும். திரிஷாவுக்கு ஒரு பத்திரிகை தனியாக வைத்திருக்கிறேன், நானே பெயர் எழுதியது. அவள் வந்தால் சந்தோஷம். வந்தால் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்காரட்டும், நீங்கள் திரும்பினால்தான் தெரிகிற இடம். நீங்கள் திரும்பக்கூடாது.

போதகருக்கு நான் சொன்ன பதில் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது என்கிறார்கள். அப்பா கேட்டார், அம்மா கேட்டாள், உங்கள் அம்மா கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். வாசலில் செருப்புக்குக் காவல் நின்றவர்கூடக் கேட்டிருப்பார். கேட்க வேண்டியவர் மட்டும் கோயம்புத்தூரில் இருந்தார். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு நீங்கள் வேணும்.

எஸ்தர்